கையடக்க கேம் கருவியில் வயர்லெஸ் ஹெட்போன்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் நின்டென்டோ ஸ்விட்ச் மாதிரி ஒரு கருவி வைத்திருப்பவரைக் கேட்டால், பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சித்தப்பா கொண்டுவந்தது என்றுதான் சொல்வார். பெட்டிக்குள் கருவியும் சார்ஜரும் இருக்கும், ஹெட்போன் இருக்காது. இரவு எல்லோரும் படுத்த பிறகு சத்தம் வைத்து விளையாட முடியாது. அடுத்த நாளே வயர்லெஸ் ஹெட்போன் தேடத் தொடங்குவார்கள், இரண்டு நாளில் என்னிடம் வருவார்கள். என் ஒன்றுவிட்ட தம்பிமாருக்கும் அவர்களுடைய கூட்டாளிமாருக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். என் கைக்கு அதிகம் வந்தது ஸ்விட்ச் என்பதால் அதைப் பற்றித்தான் கூடுதலாக இருக்கும்.

அண்ணா, என் ஸ்விட்சில் புளூடூத் ஹெட்போன் வேலை செய்யுமா?

செய்யும். முதல் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வெளிவந்தபோது இந்த வசதி இல்லை. கருவிக்குள் புளூடூத் இருந்தது, ஆனால் கன்ட்ரோலருக்கு மட்டும். நாலரை வருடம் கழித்து, 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 மென்பொருளோடுதான் ஹெட்போனுக்கும் திறந்துவிட்டார்கள். பழைய ஸ்விட்ச், ஸ்விட்ச் லைட், ஸ்விட்ச் ஓலெட், 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 எல்லாவற்றிலும் இப்போது இணைக்கலாம்.

யாராவது அலமாரியில் போட்டுவைத்திருந்த பழைய ஸ்விட்ச் கைக்கு வந்திருந்தால், அமைப்புகளில் புளூடூத் ஓடியோ என்ற பகுதியே தெரியாமல் இருக்கலாம். பழுது என்று நினைக்க வேண்டாம். வைஃபையோ போன் ஹொட்ஸ்பொட்டோ கொடுத்து மென்பொருளைப் புதுப்பியுங்கள், அந்தப் பகுதி வந்துவிடும்.

எப்படி இணைப்பது? தேடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வருவதில்லை.

முகப்புத் திரையில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதற்குள் புளூடூத் ஓடியோ, அதற்குள் புதிய கருவியைச் சேர்ப்பது. ஸ்விட்ச் பக்கம் வேலை அவ்வளவுதான். சிக்கல் எப்போதும் ஹெட்போன் பக்கம்தான் இருக்கும்.

காதில் செருகும் சின்ன இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்தவுடனேயே பழக்கப்பட்ட போனைத் தேடி ஒட்டிக்கொள்ளும். போனோடு ஒட்டிய ஒன்று ஸ்விட்சின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் போனில் புளூடூத்தை நிறுத்துங்கள். வீட்டில் வேறு யாருடைய போனிலாவது அதை முன்பு இணைத்திருந்தால் அதிலும் நிறுத்துங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: அக்காவின் போன் அடுத்த அறையில் கிடந்து இயர்பட்ஸைப் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் ஹெட்போனை இணைப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய ஹெட்போன் என்றால் பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னும். ஏர்பொட்ஸின் பின்பக்கம் பட்டன் உள்ள பெட்டி என்றால், மூடியைத் திறந்து வைத்து அந்தப் பட்டனை வெள்ளை விளக்கு மின்னும் வரை அழுத்துங்கள்.

ஒருமுறை இணைத்தால் ஸ்விட்ச் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பத்துக் கருவிகள் வரை பதிவில் இருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் சத்தம் போகும்.

இணைந்துவிட்டது. ஆனால் குதித்த பிறகுதான் குதிக்கும் சத்தம் வருகிறது. ஹெட்போன் பழுதா?

பழுது இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மக்கெய்சர் மைதானத்தில் எல்லைக்கோட்டருகே நின்று கிரிக்கெட் பார்த்திருப்பீர்கள். மட்டை பந்தில் படுவது கண்ணுக்கு முதலில் தெரியும், 'டக்' என்ற சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். நம் ஊர் வெக்கையில் ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். ஆடுகளத்திலிருந்து எழுபது மீற்றரில் நிற்பவருக்கு அந்தச் சத்தம் வந்துசேர 200 மில்லிசெக்கன், அதாவது செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு, எடுக்கும். சாதாரண புளூடூத் ஹெட்போனில் வரும் தாமதமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கருவி கைக்குள் இருக்கிறது, சத்தம் மட்டும் எல்லைக்கோட்டிலிருந்து வருகிறது. திரை செக்கனுக்கு 60 படம் காட்டினால், 200 மில்லிசெக்கனுக்குள் பன்னிரண்டு படங்கள் ஓடிவிடும்.

ஏன் இவ்வளவு நேரம்? கருவி சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, வானலையில் அனுப்புகிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும். அதற்கு இடம் கொடுக்க, ஹெட்போன் வந்த துண்டுகளை உடனே பாடவிடாமல் கொஞ்சம் சேமித்து வைத்து, பிறகு விரித்துக் காதுக்குத் தருகிறது. இந்தச் சேமிப்புத்தான் தாமதத்தின் பெரிய பங்கு. ஸ்விட்ச் பயன்படுத்தும் எஸ்.பி.சி என்ற சுருக்கும் முறை எல்லா ஹெட்போனுக்கும் பொதுவானது. எதனோடும் சேரும், ஆனால் வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

"யூடியூப் பார்க்கும்போது இதே ஹெட்போனில் உதடும் குரலும் ஒத்துப்போகிறதே" என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. சத்தம் பிந்தும் என்று போனுக்குத் தெரியும், அதனால் படத்தையும் அதே அளவு பிந்திக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து பிந்துவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. கேமில் அப்படிச் செய்ய வழியில்லை. படத்தைப் பிந்தினால் நீங்கள் பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் குதிப்பான், விளையாடவே முடியாது. எனவே படம் உடனே வரும், சத்தம் பின்னால் வரும். ஆயிரக்கணக்கில் விலை கூடிய ஹெட்போன் வாங்கினாலும், ஸ்விட்சின் சொந்தப் புளூடூத்தில் போட்டால் இந்தப் பிரச்சினை முழுதாகப் போகாது. விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

எல்லாக் கேமிலும் தொல்லையா?

இல்லை. பயிர் நட்டு மாடு வளர்க்கும் கேம், முறைவைத்து ஆடும் சண்டை, புதிர், கதை சொல்லும் கேம் இவற்றில் ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். மேளத்துக்குத் தட்டுவது போல தாளத்தோடு பட்டன் அழுத்தும் கேம்களில் சாதாரண புளூடூத்தை மறந்துவிடுங்கள். சுடும் கேமிலும் சண்டைக் கேமிலும் எதிரியின் காலடிச் சத்தம் பிந்தி வந்தால் அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

தாமதம் குறைய வழியே இல்லையா?

இருக்கிறது. கருவியின் யூ.எஸ்.பி சி வாயில் செருகும் சின்ன டிரான்ஸ்மிட்டர். ஸ்விட்ச் 2017 அக்டோபரில் வந்த 4.0.0 மென்பொருளிலிருந்து யூ.எஸ்.பி வழியாகச் சத்தத்தை வெளியே விடுகிறது, டிரான்ஸ்மிட்டர் அதை வாங்கித் தன் முறையில் அனுப்பும். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஹெட்போனோடு சேர்ந்தே ஒரே பெட்டியில் வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள். இது புளூடூத் அல்ல, அந்த ஹெட்போனுக்கும் அந்த டொங்கிளுக்கும் மட்டும் புரியும் மொழி. தாமதம் இருபது, முப்பது மில்லிசெக்கன் அளவில் நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. வயர்லெஸ்தான் வேண்டும், வேகமான கேம்தான் ஆடுவேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மற்றது புளூடூத் டிரான்ஸ்மிட்டர். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் தாமதம் 40 மில்லிசெக்கன் அளவுக்கு வரும். ஆனால் அந்த முறை டிரான்ஸ்மிட்டரிலும் இருக்க வேண்டும், ஹெட்போனிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இரண்டும் பழைய எஸ்.பி.சிக்கே இறங்கிவிடும். நான் முதன்முதலில் காசு விட்டது இதில்தான். டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், என் இயர்பட்ஸில் அந்த முறை இல்லை, தாமதம் அப்படியே இருந்தது. கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏர்பொட்ஸிலும் ஆப்டெக்ஸ் கிடையாது.

டொங்கிள் சார்ஜ் வாயை அடைத்துக்கொள்ளும் என்பதையும் யோசியுங்கள். ஸ்விட்ச் 2இல் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாய்கள் இருப்பதால் ஒன்றில் டொங்கிளும் மற்றதில் சார்ஜரும் போடலாம். பழைய ஸ்விட்சிலும் லைட்டிலும் ஒன்றுதான், சார்ஜரையும் சேர்த்துச் செருக இடமுள்ள டொங்கிளாகப் பார்க்க வேண்டும்.

இயர்பட்ஸில் 'கேமிங் மோட்' என்று இருக்கிறதே?

சில இயர்பட்ஸில் மூன்று முறை தட்டினால் அந்த நிலைக்குப் போகும். மேலே சொன்ன சேமிப்பைக் குறைக்கிறது, அதனால் சத்தம் கொஞ்சம் முந்தி வரும். சேமிப்புக் குறைந்தால் இடையிடையே சத்தம் அறுபடும் வாய்ப்பும் கூடும். கையில் ஏற்கனவே இருந்தால் போட்டுப் பாருங்கள். இதற்காகவே புதிதாக வாங்கச் சொல்லமாட்டேன்.

நானும் கூட்டாளியும் பக்கத்தில் இருந்து இரண்டு ஸ்விட்சில் ஆடத் தொடங்கியவுடன் ஹெட்போன் துண்டிக்கிறது. ஏன்?

இரண்டு ஸ்விட்ச் இணையம் இல்லாமல் நேரடியாக ஒன்றோடொன்று பேசும்போது, புளூடூத் ஹெட்போனை ஸ்விட்ச் தானாகவே துண்டித்துவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், மாற்ற இடமில்லை. ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு வீட்டில் நான்கு பெடியள் சேர்ந்து கார்ப் பந்தயம் ஆட உட்கார்ந்து, ஹெட்போன் பழுது என்று ஒரு மணி நேரம் அதையே மாறி மாறி இணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வயர் இயர்போன் போட்டால் சரி.

இதோடு சேர்ந்த இன்னொரு கட்டுப்பாடு: புளூடூத் ஹெட்போன் இணைந்திருக்கும்போது ஸ்விட்ச் இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலரைத்தான் ஏற்கும். ஸ்விட்சின் இரு பக்கத்திலும் மாட்டும் சின்னக் கன்ட்ரோலரான ஜோய்-கொன்னைக் கழற்றினால், ஒரு சோடி இரண்டாகக் கணக்கிடப்படும். கருவியிலேயே மாட்டியிருந்தால் இந்தக் கணக்கில் வராது. எனவே தனியாகக் கையில் வைத்து ஆடுபவருக்கு இது பொருட்டே இல்லை.

ஹெட்போன் மைக்கில் கதைக்க முடியுமா?

ஸ்விட்சில் புளூடூத் மைக் வேலை செய்யாது, கேட்க மட்டும்தான் முடியும். மைக் உள்ள வயர் ஹெட்செட்டை 3.5 மி.மீ துளையில் போட்டால், குரல் வசதி உள்ள கேம்களில் கதைக்கலாம். ஸ்விட்ச் 2இல் கருவியின் உடம்பிலேயே மைக் இருக்கிறது.

ரோக் அலை (ROG Ally), லீஜன் கோ (Legion Go) போன்ற வின்டோஸ் கையடக்கக் கருவிகளில் புளூடூத் மைக் வேலை செய்யும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். மைக் திறந்தவுடன் ஹெட்போன் தொலைபேசி நிலைக்கு மாறி, சத்தம் இரண்டு காதுக்கும் ஒன்றாகி, பழைய லேண்ட்லைனில் பாட்டுக் கேட்பது போல ஆகிவிடும். "கேமைத் திறந்ததும் சத்தம் கெட்டுப்போகிறது" என்று யாராவது சொன்னால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுதான். ஒலி அமைப்பில் மைக்காக ஹெட்போனைத் தேர்ந்தெடுக்காமல் கருவியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், தெளிவு திரும்பி வரும்.

ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் எப்படி?

2022இல் வந்த முதல் கருவியிலேயே புளூடூத் ஒலி இருந்தது. 2023 நவம்பரில் வந்த ஓலெட் மொடலில் புளூடூத் 5.3. தாமதம் இங்கேயும் உண்டு, டொங்கிளும் இங்கே நன்றாக வேலை செய்யும்.

பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்கினேன், புளூடூத் பட்டியலே காணவில்லை.

அதில் புளூடூத் ஒலி கிடையாது. 2023இல் வந்த கருவி என்பதால் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் லிங்க் முறையில் இயங்கும் ஹெட்போன்கள் மட்டும் வயர் இல்லாமல் சேரும், மற்றவர்களுக்கு 3.5 மி.மீ துளை இருக்கிறது. இதற்கு மாறாக 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் வீட்டா சாதாரண புளூடூத் ஹெட்போனை அப்போதே ஏற்றுக்கொண்டது.

சோனியின் அதற்கு முந்தைய கையடக்கக் கருவியான பி.எஸ்.பியில் 2009இல் வந்த பி.எஸ்.பி கோ மொடலுக்கு மட்டும் புளூடூத் உண்டு. நின்டென்டோ டி.எஸ், 3டி.எஸ் இரண்டிலும் இல்லை. 3.5 மி.மீ துளையில் செருகும், தனியே சார்ஜ் போடும் டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தால் இந்தப் பழைய கருவிகள் எல்லாவற்றிலும் வயர்லெஸ் கேட்கலாம்.

கொழும்பு இரவு ரயிலில் நானும் தங்கச்சியும் ஒரே கருவியைப் பார்த்துக் கேட்க வேண்டும். முடியுமா?

ஸ்விட்சின் சொந்தப் புளூடூத்தில் முடியாது. இரண்டு ஹெட்போனுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் உண்டு. ஆனால் ஒரு துளையை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டரும் இரண்டு வயர் இயர்போனும் அதைவிட மிகக் குறைந்த செலவு, சார்ஜும் தேவையில்லை. அந்த நீண்ட இரவில் இயர்பட்ஸின் சார்ஜ் நடுவழியில் முடிந்தால் பெட்டிக்குள் போட்டுக் காத்திருக்க வேண்டும். என் பயணப் பையில் ஸ்ப்ளிட்டர் எப்போதும் கிடக்கும்.

சத்தம் மிகக் குறைவாகக் கேட்கிறது.

முதலில் ஹெட்போனின் சொந்த ஒலியளவைக் கூட்டுங்கள், அப்புறம் கருவியில். 2022 மார்ச்சில் வந்த 14.0.0 மென்பொருளுக்குப் பிறகு, அதற்கு ஒத்துழைக்கும் ஹெட்போன்களில் ஒலியளவை இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றலாம், உச்ச அளவும் சிலவற்றில் கூடியது.

பஸ்ஸில் போகும்போது சத்தம் விட்டுவிட்டு வருகிறது.

புளூடூத், பெரும்பாலான வீட்டு வைஃபை, 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் மூன்றும் ஒரே அலைவரிசைப் பகுதியில் நெருக்கியடிக்கின்றன. நிறைந்த பஸ்ஸில் ஐம்பது போன் இருக்கும். அதோடு மனித உடம்பில் நிறையத் தண்ணீர் இருப்பதால் இந்த அலையை அது உறிஞ்சிக்கொள்ளும். கருவியை மடியில் தாழ வைத்துக் குனிந்து ஆடுவதைவிட நெஞ்சு உயரத்தில் பிடித்தால் வித்தியாசம் தெரியும். வீட்டில் இதே தொல்லை என்றால், ரௌட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்த்து ஸ்விட்சை அதில் இணையுங்கள்.

உப்புவெளிக் கடற்கரையில் போட்டுக்கொண்டு ஆடலாமா? பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்று இருக்கிறது.

ஐ.பி.எக்ஸ்.4 என்பது எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது, அதுவும் நல்ல தண்ணீரில் சோதித்தது. உப்புக் காற்றையும் வியர்வையையும் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரை ஊரில் இயர்பட்ஸ் சாகும் வழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: ஈரத்தோடு பெட்டிக்குள் போடுகிறோம், சார்ஜ் ஏற்றும் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சை பிடிக்கிறது, ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போகிறது. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் இலேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு பெட்டியில் போடுங்கள். பெட்டிக்குள் உள்ள புள்ளிகளைக் காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஒரு பக்கம் சார்ஜ் ஏறாத எத்தனையோ இயர்பட்ஸ் இந்தத் துடைப்பிலேயே பிழைத்திருக்கின்றன. குப்பையில் போடுமுன் இதைச் செய்து பாருங்கள்.

கருவியைக் கடற்கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் விருப்பம். மணல் பட்டன் இடுக்கில் ஏறினால் எளிதில் வராது.

மகனுக்கு எட்டு வயது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்தையும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரத்தையும் எல்லையாகச் சொல்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 75க்கு 40 மணி என்றால் 78க்கு 20 மணி, 81க்கு 10 மணிதான். செவியின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

வீட்டில் அளக்க மீற்றர் இருக்காது. நான் பெற்றோருக்குச் சொல்லும் வழி: பிள்ளை ஹெட்போன் போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் சத்தம் கூடுதல். ஸ்விட்ச் அமைப்புகளில் ஹெட்போனின் உச்ச ஒலியைக் குறைக்கும் தெரிவும் உண்டு, அதை இயக்கி வையுங்கள். பஸ்ஸில், ஜெனரேட்டர் ஓடும் இடத்தில், வெளிச்சத்தத்தை மூட நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். அந்த இடங்களில் பிள்ளைக்குச் சத்தமே இல்லாமல் ஆடக்கூடிய கேம் கொடுப்பது நல்லது.

ஹெட்போன் போட்டால் கருவியின் பற்றரி சீக்கிரம் போகுமா?

உணரும் அளவுக்கு இல்லை. திரை வெளிச்சம்தான் தின்கிறது, அதைக் குறையுங்கள்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதிக்கலாமா?

கட்டாயம் சோதியுங்கள். கருவியை முழுதாகச் சார்ஜ் செய்து, மென்பொருளைப் புதுப்பித்துக் கையோடு கொண்டுபோங்கள். கூடவே ஒரு வயர் இயர்போன். முதலில் வயரைப் போட்டு முகப்புத் திரையில் ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்கு நகருங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் 'டிக்' என்று கேட்கும். விரலும் சத்தமும் எப்படி ஒட்டிப்போகின்றன என்று காதில் பதியவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வயரைக் கழற்றி, வாங்கப்போகும் ஹெட்போனை இணைத்து அதையே செய்யுங்கள். இடைவெளி எவ்வளவு என்று உங்கள் காதே சொல்லும், அது உங்களுக்குப் பொறுக்குமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல முடியும். டொங்கிள் உள்ளது என்றால் டொங்கிளைச் செருகியே பாருங்கள். கடைசியாகக் கருவியைக் கால்சட்டைப் பைக்குள் வைத்து, கேமின் பாட்டை ஓடவிட்டு, கடை வாசல் வரை நடந்து திரும்புங்கள். அறுபடாமல் வந்தால் நல்லது.

பெட்டியைத் திறக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அன்றைக்கு வாங்க வேண்டாம். அதே மொடலை வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு பின்னேரம் இரவல் கேளுங்கள்.